ஈப்போவிலிருந்து வந்த தங்கச்சி

கோயமுத்தூர் ரயிலடியில் இறங்கியதும் அம்மா முதல் காரியமாகச் செருப்பைக் கழற்றினாள். தை மாதக் காலைக் குளிரில் நடைமேடை சில்லிட்டுக் கிடந்தது. "எதுக்கும்மா?" என்றேன். "நீ சும்மா இரு கண்ணு. முப்பது வருசமாச்சு இந்த மண்ணை மிதிச்சு" என்றாள். அது மண் இல்லை, சிமெண்டுத் தரை என்று நான் சொல்லவில்லை. வெறுங்காலோடு நாலு எட்டு நடந்தவள், "ஐயோ, குளுருது" என்று மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

அண்ணன் தங்கவேலுவின் கல்யாணத்துக்காக வந்திருந்தோம். மலாயாவின் ஈப்போவில் மளிகைக் கடை வைத்திருந்த அப்பா, தன் ஒரே மகன் சொந்த ஊரில் படிக்க வேண்டும் என்று அவனைப் பன்னிரண்டு வயதில் கோபிப் பக்கமிருந்த பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவன் அங்கேயே வளர்ந்து, பீளமேட்டில் படித்து, ஒரு மில்லில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு ஈப்போவிலிருந்து வர மீதமிருந்தது அம்மாவும் நானும்தான்.

இத்தனை வருடம் கழித்து அண்ணன் எங்களை அடையாளம் கண்டுகொள்வானோ மாட்டானோ என்று அம்மா கப்பல் முழுக்கக் கவலைப்பட்டாள். அந்தக் கவலைக்கு அவசியமே இருக்கவில்லை. அந்த ரயிலில் வந்திறங்கியவர்களில் சீன முகம் என்னுடையது ஒன்றுதான்.

இதைச் சொல்லிவிட வேண்டும். என்னைப் பெற்றவர்கள் சீனர்கள். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் புகுந்தபோது, எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கைக்குழந்தையோடு காட்டில் ஒளிய முடியாது என்று என்னை அம்மாவின் மடியில் போட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. மலாயாவில் இது அதிசயக் கதை இல்லை. எங்கள் தெருவிலேயே தமிழ் வீட்டில் வளர்ந்த சீனப் பெண்கள் இன்னும் இருவர் இருந்தார்கள். அப்பா தன்னைப் பெற்ற தாயின் பெயரையே எனக்கு வைத்தார்: பழனாத்தாள். தமிழ்ப் பள்ளியில் படித்தேன். பிறகு அங்கேயே ஆசிரியை ஆனேன்.

ஈப்போக் கடைவீதியில் சீனர்கள் என்னிடம் சீனத்தில் பேச்செடுப்பார்கள். நான் மலாயில் பதில் சொன்னதும் அவர்கள் முகம் மாறும். தமிழர்களோ, "பாருங்களேன், சீனத்தி என்னமாய்த் தமிழ் பேசுறா!" என்று என் முன்னாலேயே வியப்பார்கள். இரண்டுமே பழகிப்போயிருந்தன. ஆனால் அம்மா வாயால் கேட்டே எனக்கு மனப்பாடமாகியிருந்த ஊர் ஒன்று உண்டு. அங்கே போனால் இந்தச் சங்கடம் இருக்காது என்று சின்ன வயதிலிருந்தே ஏனோ நம்பியிருந்தேன்.

நாங்கள் வந்த நேரம்தான் சரியில்லை. எல்லையில் சீனாவோடு நடந்த சண்டை நின்று அப்போது கொஞ்ச நாளே ஆகியிருந்தது.

மீசை வைத்த ஓர் ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். என் பக்கம் திரும்பி, "வாங்க..." என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "வா" என்றார். அப்போதுதான் அது என் அண்ணன் என்று தெரிந்தது. ஈப்போவில் எனக்குச் சைக்கிள் பழக்கிவிட்டு, விழுந்தபோதெல்லாம் என்னைவிடச் சத்தமாக அழுத பையன் அந்த மீசைக்குப் பின்னால் எங்கேயோ இருந்தான்.

ரயிலடிக்கு எதிரிலிருந்த ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். இட்லி வைக்க வந்த பரிமாறுகிறவர் அண்ணனின் காதருகே குனிந்து, "ஏனுங்க, அவங்களுக்கு ஸ்பூன் ஏதாச்சும் வேணுமுங்களா?" என்று கேட்டார்.

"ஸ்பூனெல்லாம் வேண்டாமுங்க. சட்னி மட்டும் இன்னுங்கொஞ்சம் ஊத்துங்க" என்றேன்.

அவர் சட்னியை என் இலைக்கும் அண்ணன் இலைக்கும் நடுவே மேசையில் ஊற்றிவிட்டார். அண்ணன் சிரித்த சிரிப்பில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். பக்கத்து மேசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு, பாதி தின்ற தோசையோடு வேறு மேசைக்கு மாறி உட்கார்ந்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று அந்த ஓட்டலில் குடித்த தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுதாவிட்டால் பாவம். "சிறுவாணித் தண்ணி" என்றான் அண்ணன். ஈப்போவில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் குடிப்போம். அதற்கு ருசி என்று எதுவும் கிடையாது. இது கருப்பஞ்சாற்றில் கடைசிச் சொட்டு இனிப்பை மட்டும் விட்டுவைத்த மாதிரி இருந்தது. மூன்று டம்ளர் குடித்தேன். காப்பிக்கு இடமில்லாமல் போயிற்று.

அன்று அண்ணனின் அறையில் தங்கினோம். மறுநாள் அம்மாவுக்கு ஈறு வீங்கிவிட்டது. கப்பலிலேயே தொடங்கிய வலி. வாயைத் திறக்க முடியாமல், கல்யாண வீட்டுக்குப் போய் எப்படிப் பேசுவேன் என்று அழுதாள். ஊருக்குப் போகுமுன் பல் வைத்தியரிடம் காட்டிவிடுவோம் என்று அண்ணன் எங்களை டவுனுக்குக் கூட்டிப்போனான். குறுகலான மாடிப்படி. வாசலில் தொங்கிய பலகையில் 'பல் வைத்தியர்' என்ற எழுத்துகளுக்கு முன்னால் ஒரு சொல்லின் அகலத்துக்குப் புதிதாகப் பச்சை வர்ணம் அடித்திருந்தது. கீழே இருந்த சொல் இன்னும் லேசாகத் தெரிந்தது. 'சீன'.

மேலே போனதும் திகைத்து நின்றேன். முன்னறையில் பருத்திச் சேலையும் ஒற்றைச் சடையுமாக, என் வயதில், என் முகச் சாயலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள். பிறகு சீனத்தில் ஏதோ கேட்டாள்.

"எனக்குச் சீனம் தெரியாதுங்க" என்றேன்.

அவள் கையிலிருந்த பஞ்சுச் சுருள் நழுவி உருண்டது. "அட, நம்மூரா நீங்க?" என்றாள்.

"ஈப்போங்க. மலாயா. நீங்க?"

"நான் இங்கியேதானுங்க பொறந்தேன், இதே மாடியில. எங்கப்பா கலியாணத்துக்கு முந்தியே வந்துட்டாருங்க." அவள் பெயர் ரோஸி. உள்ளே அவளுடைய அப்பா என் அம்மாவின் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால், இரண்டு சீனப் பெண்கள் "ஆமாங்க", "இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பதைக் கண்டு திகைத்திருப்பார்கள்.

எனக்கு யாரிடமும் கேட்கத் தோன்றாத ஒரு கேள்வியை அவளிடம் கேட்டேன். "உங்களுக்கு எப்பவாச்சும், நம்ம எந்தப் பக்கத்து ஆளுன்னு குழப்பமா இருக்குமாங்க?"

ரோஸி பஞ்சைச் சுருட்டிக்கொண்டே, "போன ஐப்பசி வரைக்கும் இல்லீங்க" என்றாள். "எனக்கு இந்த ஊருதான். இப்பத்தான் அப்பா வாரா வாரம் போலீஸ் ஸ்டேசன்ல கையெழுத்துப் போட்டுட்டு வாராரு. பல்லு வலின்னா வருவாங்க. வலி நின்னாப் பேச மாட்டாங்க." சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "கடைவீதிக்குத் தனியாப் போகாதீங்க. அண்ணனைக் கூட்டிட்டே போங்க. கல்யாணத்துல நல்லாச் சாப்புடுங்க."

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் நின்று கையசைத்தாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. சில வருடங்கள் கழித்து அண்ணன் அந்த வழியே போனபோது அங்கே ஒரு கண்ணாடிக் கடை இருந்ததாம்.

மூன்றாம் நாள் பெரியப்பாவின் ஊருக்குப் பஸ் ஏறினோம். ஒரு பல் குறைந்த அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தாண்டிப் போகும் ஒவ்வொன்றையும் எனக்கு அறிமுகம் செய்துகொண்டே வந்தாள். "அது சோளத்தட்டுப் போரு. அது வெள்ளவேலாமரம். அது ஏத்தக் கெணறு." மலாயாவில் எதைப் பார்த்தாலும் பச்சை, ரப்பர்த் தோட்டத்துக்குள் பகலிலேயே இருட்டும். இங்கே செம்மண் வெட்டவெளியாகக் கிடக்க, நடுவில் ஒரு பனைமரம் நின்றால் அதற்கே ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது.

குன்னத்தூர் தாண்டியதும் பஸ் இருமி, புகைவிட்டு நின்றுபோனது. டிரைவர் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எறங்குங்க, சாமிகளா. இன்னிக்குள்ள போய்ச் சேந்துருவோம்" என்றார். அவ்வளவுதான் உறுதி. எல்லோரும் ஒரு வேப்பமரத்தடியில் கூடினோம். பஸ்ஸுக்குள் முதுகுகளாக இருந்தவர்கள் வெளியில் முகங்களானார்கள். எல்லா முகமும் என் பக்கம்.

"நேபாளத்துப் புள்ளையாட்ட இருக்குது" என்றது ஒரு குரல்.

"பர்மாக்காரிங்க. எங்க சித்தப்பன் பர்மாவுல இருந்தவரு. எனக்குத் தெரியும்."

கதர்ச் சட்டை போட்ட ஒருவர் அண்ணனுக்கு நேராக வந்து நின்றார். "சீனாக்காரிதானுங்களே? நேரங்காலம் தெரியாம எதுக்குங்க இங்க கூட்டிட்டுச் சுத்தறீங்க? ஒளவு பாக்க வந்தவளா இருந்தா?"

நாலைந்து ஆண்கள் நெருங்கி வந்தார்கள். அண்ணன் என் முன்னால் வந்து நின்றுகொண்டு, "என்ர தங்கச்சிங்க" என்றான். அதைக் கேட்டு ஒருவர் சிரித்தார். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். பல் எடுத்த வாயோடு ஏதோ சொன்னாள், யாருக்கும் புரியவில்லை.

பக்கத்து வயற்காட்டில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், சத்தம் கேட்டு முந்தானையில் காயோடு வந்திருந்தாள். கூட்டத்துக்குள் தலையை நீட்டி நேராக என்னிடமே கேட்டாள்: "உம் பேரென்ன அம்மணி?"

"பழனாத்தாளுங்க."

அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் விரிந்தன. "அய்யோ! மறுக்காச் சொல்லு!"

சொன்னேன்.

"எங்க மாமியா பேருங்க! என்ர வாயால சொல்லக்கூடாதுங்க!" என்று கூட்டத்தைப் பார்த்து முறையிட்டாள். "பதினெட்டு வருசமா அந்தப் பேரைச் சொல்லாமக் காவடி தூக்கிட்டுப் போற மலைக்கே 'முருகன் மலை'ன்னுதானுங்க சொல்லிட்டிருக்கறேன். இது எங்கிருந்தோ வந்து அதே பேரை வெச்சுட்டு நிக்குது பாருங்க!"

கூட்டம் சிரித்துவிட்டது. கதர்ச் சட்டைக்காரரும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெயருக்குப் பின்னால் குலம், கோயில், அப்பாவின் ஊர், பெரியப்பாவின் பெயர் என்று விசாரணை வேறு திசைக்குப் போனது. அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. ஒருவர் பெரியப்பாவுக்குத் தூரத்துச் சொந்தமாகவே ஆகிவிட்டார். அந்தப் பெண் பச்சைக் கடலைக்காயை என் மடியில் கொட்டி, "தின்னு அம்மணி. உன்னைய நான் எப்படிக் கூப்புடறது? 'ஏ புள்ளே'ன்னுதான் கூப்புடோணும்" என்றாள். பால் வடியும் பச்சைக் கடலையை நான் அதற்கு முன் தின்றதில்லை. பஸ் கிளம்பும்போது இன்னும் ஒரு கை கொடுத்தாள்.

பெரியப்பாவின் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வாழைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. பெரியப்பா நெடுநெடுவென்று உயரம், மெதுவாகப் பேசுவார். "வாங்க, வாங்க. பிரயாணமெல்லாம் சௌரியமுங்களா?" என்று எனக்கும் சேர்த்தே மரியாதை கொடுத்து வரவேற்றார். பெரியம்மா சுடச்சுட அரிசியும் பருப்பும் சோறு போட்டு, அதில் நெய்யைக் கவிழ்த்தாள். ஈப்போவில் சயாம் அரிசியில் அம்மா வாரம் ஒருமுறை செய்வதும் இதுதான். ஆனால் அது இதனுடைய நிழல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பேச்சில் அம்மா 'பாசார்' என்றும் 'ரொட்டி சானாய்' என்றும் மலாய்ச் சொற்களைப் போட்டுப் பேச, பெண்கள் அவளைப் பார்த்து விழித்தார்கள். நான் பேசியது அவர்களுக்குப் புரிந்தது. "சின்னாத்தாவை விட இந்தப் புள்ளை நல்லாப் பேசுது" என்று யாரோ சொல்ல, அம்மாவுக்கு முகம் சுருங்கியது. முப்பது வருடம் ஏங்கிய ஊரில் அவள் விருந்தாளியாகியிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். தோட்டத்துப் பக்கம் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை மாடு கட்டும் கட்டுத்தறிக்குப் பின்னால் கூப்பிட்டாள். எருமைகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கண்ணு, பெரியப்பன் ஒண்ணு சொல்றாரு. இணைச்சீருக்கு அவரு மக நிக்கட்டுமான்னு கேக்கறாரு."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவளை அலங்கரித்து, தலையில் கூடை வைத்து அவன் பக்கத்தில் நிறுத்துவார்கள். கூறைச்சேலையின் ஒரு முனையை அண்ணன் பிடித்திருப்பான். மறுமுனை தங்கையிடம் இருக்கும். வீட்டுக்கு இன்னொருத்தி வந்தாலும் பிறந்தவளின் உரிமை அறுந்துபோகாது என்பதுதான் அந்தச் சீர். ஈப்போவில் தாவணி போட்ட நாளிலிருந்து அம்மா எனக்குச் சொல்லிவந்தது: "உங்கண்ணன் கல்யாணத்துல நீதான் இணைச்சீர்க்காரி." அதற்கென்று ஒரு சேலையையும் எடுத்துவைத்து, கப்பலில் கொண்டுவந்திருந்தோம்.

"ஏம்மா, சீனத்திங்கறதாலயா?"

"அப்படியில்லே கண்ணு..." அம்மா எருமைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பொண்ணோட தாய்மாமன் மகன் பட்டாளத்துல இருக்கறானாம். சண்டைக்குப் போனவன். செத்தானா, புடிச்சு வெச்சிருக்கறாங்களான்னு ஒரு சேதியும் இல்லையாம். அவனைப் பெத்தவ நாளைக்குச் சபையில முன்னாடி உக்காருவா. அவ கண்ணுக்கு முன்னால..."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அதுவும் அம்மாவின் மேல். எல்லோரும் என்னைச் சீனத்தி என்று சொன்ன நாளெல்லாம் ஒருமுறை கூட அப்படிப் பார்க்காதவள், இங்கே வந்து, சொந்தக்காரர்கள் நடுவில், என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறாள். ஆனால் அவள் சொன்ன அந்தத் தாயும் என் கண் முன் வந்து நின்றாள். என்னால் அந்தத் தாயின் மேல் கோபப்பட முடியவில்லை.

"சரிங்கம்மா. அக்காவே நிக்கட்டும்" என்றேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. எருமை ஒன்று என் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்குவதே பெரிய வேலையாக இருந்தது.

சேதி தெரிந்து அண்ணன் ஓடிவந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "நான் பெரியப்பன்கிட்டப் பேசறேன். நீ இல்லாம அந்தச் சீரே எனக்கு வேண்டாம்."

"அண்ணா, விடுங்க. அவங்க பையனைக் காணோமுங்க" என்றேன். அவன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

வெயில் தாழ்ந்ததும் பெண் வீட்டார் வண்டிகளில் வந்து இறங்கினார்கள். நான் கண்ணில் படாமல் இருக்கலாம் என்று தென்னை மரத்தடியில் தேங்காய் துருவ உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு நிழல் என் மேல் விழுந்தது. ஐம்பது வயதிருக்கும். மெலிந்த தேகம். நகை ஒன்றும் இல்லை. பட்டுச்சேலை மட்டும் கடமைக்குக் கட்டியது போலிருந்தது. சொல்லாமலே யார் என்று தெரிந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"நீதானா அந்தப் புள்ளை?"

"ஆமாங்க."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "உங்க ஆளுக... பசங்களைப் புடிச்சு வெச்சா, சோறு போடுவாங்களா?"

உங்க ஆளுக. சீனாவை நான் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு அவங்களைத் தெரியாதுங்க" என்றேன். "தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதானுங்க. எங்கண்ணனுக்கு நாலு வயசு இருக்கறப்ப எங்கம்மா விசக்காய்ச்சல்ல விழுந்துட்டாங்களாம். அப்பா ஊர்ல இல்லை. யாரும் கிட்ட வரலை. பக்கத்து ஊட்டுச் சீனத்தம்மாதான், நெறமாசத்தோட, தெனம் வேலியைத் தாண்டி வந்து எங்கண்ணனுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கறாங்க. சக்கரைவள்ளிக்கிழங்கை மசிச்சுப் போட்ட கஞ்சியாம். அவங்கதானுங்க என்னைப் பெத்தவங்க. அவங்களைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அது மட்டுந்தானுங்க."

அவள் தென்னை மரத்தில் கை வைத்துச் சாய்ந்துகொண்டாள்.

"அடுத்தவங்க புள்ளைக்குச் சோறு போட்டவங்க அந்தச் சனத்துல ஒருத்தராவது இருந்தாங்க. அங்கியும் ஒருத்தராவது இருப்பாங்கன்னு நெனைக்கறேனுங்க."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சத்தமில்லாமல் அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டுத்தறியின் பின்னால் வராத அழுகை எனக்கு இப்போது வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த தேங்காய் மூடியை வாங்கித் துருவ ஆரம்பித்தாள். அவள் மகனின் பெயர் நடராசன் என்று மட்டும் சொன்னாள்.

விடிந்ததும் சபை கூடியது. சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் மாப்பிள்ளையை நிறுத்திவிட்டு, "இணைச்சீர்க்காரி வரலாமுங்க" என்றார். பெரியப்பாவின் மகள் அலங்காரத்தோடு எழுந்தாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏனுங்க, அண்ணங்காரனுக்குத் தங்கச்சி இருக்கறப்ப, பெரியப்பன் ஊட்டுல எதுக்குத் தேடறீங்க?"

நடராசனின் தாய்தான். சபையில் சலசலப்பு எழுந்து அடங்கியது. பெரியப்பா அவளைப் பார்த்தார். பிறகு தூணைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து அவர் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெற்ற தாயின் பெயரைச் சொல்லி ஒரு சின்னப் பெண்ணை எப்படிக் கூப்பிடுவார்? இப்போது அவருக்கு வேறு வழி தெரியவில்லை போலிருக்கிறது.

"ஆத்தா, வந்து நில்லு" என்றார்.

நான் கட்டியிருந்தது நூல் சேலை. அம்மா ஓடிப்போய்க் கப்பலில் கொண்டுவந்த சேலையை எடுத்துவர, பெரியப்பாவின் மகளே என்னை உள்ளே இழுத்துப் போய் உடுத்திவிட்டாள். தன் கழுத்திலிருந்த காசுமாலையைக் கழற்றி எனக்குப் போட்டாள். "எனக்கு நேத்திருந்தே மனசு சரியில்லே புள்ளே" என்றாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றேன். கூறைச்சேலையின் முனை என்னிடம் வந்தது. மறுமுனை அவன் கையில் இருந்தது.

"கூடை கனமா இருக்குதா?" என்று உதடு அசையாமல் கேட்டான்.

"இல்லீங்கண்ணா."

"ஆடாம நில்லு. நீ எதுல ஏறுனாலும் கீழ உளுவே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நிமிர்ந்து பார்த்தபோது முன்வரிசையில் நடராசனின் தாய் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தாள். யாரைக் கும்பிட்டாள் என்று தெரியாது. என்னையாக இருக்காது.

அந்த வருடம் கோடை முடிவதற்குள் நடராசன் வந்துவிட்டான். சிறை பிடித்து வைத்திருந்து அனுப்பினார்களாம். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு. அண்ணன் ஈப்போவுக்கு எழுதிய கடிதத்தில் தெரிந்துகொண்டேன். அம்மா அன்றைக்குத் தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தாள். எதற்கு என்று சீனக் கடைக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

கல்யாணம் முடிந்து சில நாள் அங்கேயே தங்கினோம். அண்ணன் மனைவியை அங்கே நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். நங்கைக்கு நான் மலாய்ப் பாட்டு ஒன்று சொல்லிக்கொடுத்தேன். அவள் எனக்கு இடியாப்பம் மாதிரியான சந்தகை பிழியக் கற்றுக்கொடுத்தாள்.

கிளம்புகிற அன்று காலை, பெரியம்மா பால் கறக்கப் போவதற்குள் நான் கட்டுத்தறிக்குப் போனேன். கன்றுக்குட்டி கத்திக்கொண்டே இருந்தது. பாவமாக இருந்தது. அவிழ்த்துவிட்டேன். அது தாயிடம் ஓடி முட்டி முட்டிக் குடிப்பதை நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். செம்போடு வந்த பெரியம்மா பார்த்துவிட்டாள்.

"அடிப் பாவி! என்ன காரியம் பண்ணிப்போட்டே? அறிவு கிறிவு இருக்குதா உனக்கு? பூராத்தையும் ஊட்டிப்போட்டுதேடி! ஊரே கூடி வழியனுப்ப வந்திருக்குது, இப்பக் காப்பிக்கு எங்கடி போவேன் பாலுக்கு?" செம்பை 'ணங்'கென்று கீழே வைத்தாள். "அப்புடியே உங்கப்பன்! அவனும் இப்படித்தான் கன்னு கத்துனா மனசு கேக்காம அவுத்து உட்டுப்போட்டு நிப்பான். அந்த ரத்தம் எங்க போகும்?"

கன்றை இழுத்துக் கட்டிவிட்டு, புலம்பிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். தான் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேரில் யாருக்கும் அதில் விசித்திரமாக ஒன்றும் தோன்றவில்லை. அம்மா மட்டும் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை வீட்டில் எல்லோருக்கும் கறுப்புக் காப்பிதான். ஆளாளுக்கு என்னைத் திட்டிக்கொண்டே குடித்தார்கள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.